செங்கோட்டைச் சுவர்கள் சொல்வது



இசுபெயின் நாட்டின் தென்பால், கிரனாடா நகரின் அருகே ஒரு குன்றின்மீது நிற்பது அல்அம்பிரா. அரபு மொழியில் அப்பெயர்க்குச் 'செந்நிறத்தது' என்பது பொருள். தமிழிற் செங்கோட்டை எனலாம். மூரினத்து நசுரி மரபை நிறுவிய முதலாம் முகம்மது 1238-ஆம் ஆண்டு இதனைக் கட்டத் தொடங்கினான். அவன் வழியினர் இரண்டரை நூற்றாண்டுக் காலம் இங்கிருந்து ஆண்டனர்.

இதனைக் காணச் செல்வோர் முதலில் அல்கசபா என்னும் காவற்கோட்டையைக் காண்பர். அடுத்துக் கோமாரெசு அரண்மனையின் ஓலக்க மண்டபம். அதன் மேற்கூரை எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளால் விண்மீன் வானம்போல் இழைக்கப்பட்டது. அதற்கப்பால் ஐந்தாம் முகம்மது எடுப்பித்த அரிமா முற்றம். பன்னிரண்டு பளிங்கு அரிமாக்கள் ஒரு நீர்த்தொட்டியைச் சுமந்து நிற்கின்றன. தாரோ ஆற்றில், மேட்டுப்பகுதியிலேயே நீரை மறித்து, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியே குன்றின் உச்சிக்குக் கொணர்ந்தனர் அம்மக்கள். என்னே அவர்தம் நீரியல் அறிவு!

கண்ணைக் கவர்வன இவை. கருத்தில் நிறுத்த வேண்டுவதோ சுவர்களில் உள்ள எழுத்து. தூணிலும் வளைவிலும் தொட்டியின் விளிம்பிலும் அரபு எழுத்தே கொடியாய்ப் படர்ந்துள்ளது. இபுனு சம்ரக்கு என்னும் அமைச்சர் இயற்றிய பாடல் அரிமாத் தொட்டியிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அம்மொழியை நாவிற் கொண்டிருந்த மக்கள் என்னவாயினர்?

1491 நவம்பரில், இசபெல்லா அரசிக்கும் பெர்டினாண்டு அரசனுக்கும் கிரனாடாவின் இறுதி வேந்தனுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. மக்களின் நெறி, தொழுகையிடம், வழக்குத் தீர்க்கும் முறை, உடைமை யாவும் காக்கப்படும் என உறுதி கூறப்பட்டது. 1492 சனவரி 2-ஆம் நாள் கோட்டை கைமாறியது. பத்தாண்டு நிறையுமுன்னரே உறுதிமொழி காற்றில் பறந்தது. பேராயர் சிசுநேரோசு அரபுச் சுவடிகளைத் தெருவிற் குவித்து எரிப்பித்தார். மருத்துவ நூல்கள் சிலவே தப்பின. திருமுழுக்கு ஏற்க வேண்டும், இன்றேல் வெளியேற வேண்டும் என்று 1502-இல் ஆணை பிறந்தது. நெறி மாறியும் மொழி மாறவில்லை. எனவே அடுத்த அடி மொழியின்மீது விழுந்தது.

1567-ஆம் ஆண்டு இரண்டாம் பிலிப்பின் ஆணை வெளிவந்தது. மூன்றாண்டுக்குள் அனைவரும் காசுடைல் மொழியைக் கற்க வேண்டும். அதன்பின் வீட்டிலுங்கூட அரபைப் பேசவோ படிக்கவோ எழுதவோ கூடாது! பிரான்சிசுக்கோ நூனெசு முலே என்னும் முதியவர் அஞ்சாது முறையீடு எழுதினார். மால்தாவிலும் எகுபதியிலும் கிறித்தவர்களே அரபு பேசுகின்றனரே, மொழி எங்ஙனம் நெறிக்குப் பகையாகும் என்பது அவர் வினா. விடை வரவில்லை. 1568 இறுதியில் அல்புகாரா மலைநாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1571-க்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கிரனாடாவில் எஞ்சியோர் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3,00,000 பேர் இசுபெயினை விட்டே துரத்தப்பட்டனர்.

ஆயினும் ஒன்று காண்மின்! வென்றவர் நாவிலேயே தோற்றவர் மொழி ஒட்டிக்கொண்டது. கால்வாயை இன்றும் 'அசேக்கியா' என்கின்றனர். நகரத் தலைவரை 'அல்கால்தே' என்கின்றனர். இரண்டும் அரபின் வழிவந்தவை. ஆனால் சில சொற்கள் பிறர்வாயில் எஞ்சுவதால் ஒரு மொழி வாழ்வதாகாது. அரபு பிற நாடுகளில் செழித்து வாழ்கின்றது. கிரனாடா மண்ணில் தாய் சேய்க்குப் புகட்டிய அரபு மாண்டது.

1984-இல் அல்அம்பிரா உலக மரபுச்செல்வமாக ஏற்கப்பட்டது. கல்லைப் போற்றுதல் எளிது. கல் எதிர்த்துப் பேசாது. ஆளும் ஆற்றலை இழந்தபின் பெறும் உறுதிமொழி, தந்தவன் மனம் மாறும் வரையே நிற்கும். சுவரில் மட்டும் வாழும் மொழி காட்சிப்பொருள். மழலை நாவில் வாழும் மொழியே உயிர்ப்பொருள். தாய்மொழியை வீட்டிலும் பள்ளியிலும் ஆட்சியிலும் ஒருங்கே காப்போர்க்கே அவ்வுயிர் நிலைக்கும். அரிமா முற்றத்தின் நீர் இன்றும் அதனையே முணுமுணுத்து ஓடுகின்றது.