விளையாட்டுப் பொதியைப் பேணுதல்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளியின் கணினி அறையில் பாடத்தை விட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பலமுறை எழுப்பி வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த பின்னர் நானே ஒரு கணினி விளையாட்டுக்குப் பொறுப்பாளன் ஆனேன். அன்று வெளியே நின்றவர்களுள் எவரேனும் இப்பேச்சைக் கேட்பாராயின் நகைக்கத்தான் செய்வார். நகைக்கட்டும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

விளையாட்டை ஆடுபவரைப் பற்றியோ, அதை இயற்றியவரைப் பற்றியோ நான் மிகுதியாகப் பேசப்போவதில்லை. இவ்விருவருக்கும் நடுவே, பெரும்பாலும் பெயர் வெளியே தெரியாமல், மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். நூலாசிரியருக்கும் வாசகருக்கும் நடுவே நூலகர் நிற்பதைப் போன்றது அது. அவர் செய்யும் வேலை இன்னதென்று கூறுவதே என் நோக்கம்.

என் பழைய மாணவர் ஒருவர் அயல்நாட்டில் பொறியாளராக இருக்கிறார். விடுமுறையில் வந்தபோது தம்முடைய பழைய மடிக்கணினி ஒன்றை எனக்குக் கொடுத்தார். "உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். அதில் இருந்தது நெட்-பி.எஸ்.டி. என்னும் இயக்குதளம். யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய மென்பொருள்களைத் திரட்டித் தருவதற்காக 1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஏற்பாட்டுக்குப் பேக்கேஜ்-சோர்ஸ் என்று பெயர். ஃப்ரீ-பி.எஸ்.டி. என்னும் உடன்பிறப்பில் முன்பே இருந்த ஏற்பாட்டைத் தழுவி எழுந்தது அது. இன்று லினக்ஸ், மேக் முதலிய பிற தளங்களிலும் இயங்குகிறது. 'பேக்கேஜ்' என்பதைப் 'பொதி' என்றே நான் சொல்லிவருகிறேன். சந்தைக்குப் போகும் வண்டியில் பொதி ஏற்றுவோரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு சொல் தோன்றவில்லை.

நான் பேணும் விளையாட்டு மிகச் சிறியது. அதன் பெயர் உங்களுக்கு வேண்டுவதில்லை. ஆயின் அதன் குலம் பெரியது. 1980-ஐ ஒட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் இரு மாணவர்கள் 'ரோக்' என்னும் விளையாட்டை இயற்றினார்கள். படம் கிடையாது. திரையில் எழுத்துகளே சுவர்கள், எழுத்துகளே அரக்கர்கள். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, வாலால் சுற்றிய ஏ எழுத்து, அதுவே ஆடுபவர். ஒவ்வொரு முறையும் நிலவறைகள் புதிதாக அமையும். இறந்தால் இறந்ததுதான், மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இதைப் பார்த்து 1982-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லிங்கன்-சட்பரி உயர்நிலைப் பள்ளியில் ஜே ஃபென்லசன் என்னும் மாணவர், தம் தோழர்களின் துணையோடு 'ஹேக்' என்ற விளையாட்டை எழுதினார். உயர்நிலைப் பள்ளி மாணவர், நண்பர்களே! அக்காலத்தில் நான் அப்பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்திருந்தால் அவரையும் வெளியேதான் நிறுத்தியிருப்பேன். 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆந்திரீஸ் பிரவுவர் என்னும் கணித அறிஞர் அதை விரித்தெழுதி யூஸ்நெட் வலையில் வெளியிட்டார். 1987-இல் மைக் ஸ்டீவன்சன் அதன் பல வடிவங்களை ஒன்றாக்கி 'நெட்ஹேக்' என்று வெளிக்கொணர்ந்தார். வலையின் வழியே பலர் கூடி வளர்த்ததால் அப்பெயர். என் சிறு விளையாட்டு இக்குலத்தின் தூரத்து உறவு.

இனி, பொதி என்பது யாது? விளையாட்டின் மூலநிரல் அன்று. அதைப் பெற்றுக் கட்டி நிறுவுவதற்கான குறிப்பே பொதி. ஒரு சிறு அடைவுக்குள் சில கோப்புகள் இருக்கும். மேக்ஃபைல் என்பதில் விளையாட்டின் பெயர், பதிப்பு எண், மூலநிரல் கிடைக்குமிடம், உரிமம், பொறுப்பாளரின் முகவரி ஆகியவை இருக்கும். மற்றொன்றில் ஆடுபவர் படிப்பதற்கான விளக்கம். வேறொன்றில், நிறுவும்போது கணினியில் எந்தெந்த இடத்தில் எந்தெந்தக் கோப்பு வைக்கப்படும் என்ற முழுப் பட்டியல். இப்பட்டியலைக் கண்டதும் எனக்குப் பள்ளியின் இருப்புப் பதிவேடு நினைவுக்கு வந்தது. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் நாற்காலி முதல் நிலவரைபடம் வரை ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுவோம் அல்லவா? அதுவேதான். பட்டியலில் உள்ளதை மட்டுமே நீக்கும்போது நீக்குவர். பட்டியலில் இல்லாத கோப்பு கேட்பாரற்றுக் கிடக்கும்.

மேக்ஃபைலில் பொறுப்பாளரின் முகவரி இருக்கும் வரியைப் பற்றி ஒரு சொல். யாரும் ஏற்காத பொதிகளில் அவ்விடத்தில் பயனர்களின் பொது அஞ்சற்குழுவின் முகவரி இருக்கும். எல்லோருக்கும் உரியது என்பது அதன் பொருள். நடைமுறையில் அது யாருக்கும் உரியதன்று என்பதை ஊர்ப்பொதுக் கிணறுகளைப் பார்த்த நமக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டதும் அப்படிக் கிடந்த ஒரு பொதிதான். மைய அடைவில் நேரே கைவைக்கும் உரிமை எனக்கு இல்லை. நான் திருத்தி அனுப்புவதை உரிமை பெற்ற ஒருவர் சரிபார்த்துச் சேர்ப்பார். பல ஆண்டு பிறர் தாள்களைத் திருத்திய கை, தன் தாளைத் திருத்தக் கொடுத்து நின்றது. ஆரம்பத்தில் அது எளிதாக இல்லை.

எழுதி முடித்த விளையாட்டுக்குப் பேணுதல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே கேட்டேன். விளையாட்டு மாறாமல் நிற்கிறது. அதன் கீழுள்ள நிலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1980-களில் சி மொழியில் எழுதியவர்கள் பல செய்திகளைச் சொல்லாமலே விட்டார்கள். மொழிமாற்றி அவற்றை ஊகித்துக்கொண்டது. 2024-இல் வெளிவந்த ஜி.சி.சி. 14-ஆம் பதிப்பு, முன்னறிவிப்பு இல்லாத செயற்கூறுகளை இனிப் பிழை என்றே கொள்வேன் என்று கூறிவிட்டது. அதற்கு முன்பு அவை வெறும் எச்சரிக்கைகள். 2025-இல் வந்த 15-ஆம் பதிப்பில் வெற்று அடைப்புக்குறியின் பொருளே மாறிற்று. முன்பு 'எதையும் ஏற்கும்' என்றிருந்தது, இப்போது 'எதையும் ஏற்காது' என்றாயிற்று. ஓர் எழுத்துக்கூட மாறாத நிரல், நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. அப்போது பொறுப்பாளர் ஓர் ஒட்டு இடவேண்டும். கிழிந்த இடத்துக்கு மட்டும் அளவான துணி. அதன் தலையில் ஏன் இட்டோம் என்ற குறிப்பு. குறிப்பில்லாத ஒட்டை இவ்வேற்பாட்டில் பிழையாகவே எண்ணுகிறார்கள். ஒட்டை மூல ஆசிரியருக்கும் அனுப்பவேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் நம் பொதியில் அது தேவையில்லை. நல்ல பொறுப்பாளரின் பொதியில் ஒட்டுகள் குறைந்துகொண்டே வரும்.

சரிபார்ப்பு எண்களும் உண்டு. மூலநிரல் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட எண் ஒன்று பொதியில் எழுதப்பட்டிருக்கும். இறக்கிய கோப்பின் எண் அதனோடு ஒவ்வாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். சில ஆசிரியர்கள் பதிப்பு எண்ணை மாற்றாமல் கோப்பை மட்டும் சத்தமின்றி மாற்றி வைப்பார்கள். அப்போது புதிய எண்ணை எழுதிவிட்டு அப்பால் போவது மிக எளிது; ஒரே கட்டளை போதும். ஆனால் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதைச் செய்யவேண்டும். இதிலும் ஒரு குறை உண்டு. 2024 மார்ச் மாதத்தில் எக்ஸ்-ஸீ என்னும் சுருக்கு நிரலின் வெளியீட்டிலேயே கள்ளவழி புகுத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்பவர், தொலைக்கணினிக்குள் நுழைய அரை நொடி அளவு கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று துருவிப் பார்த்ததால் அகப்பட்டது. ஊற்றே கலங்கினால் சரிபார்ப்பு எண் என்ன செய்யும்? கலங்கிய நீரே வந்து சேர்ந்தது என்று உறுதி சொல்லும், அவ்வளவே.

விளையாட்டுப் பொதிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. யூனிக்ஸ் பலர் பயன்படுத்தும் தளம். ஆடிய எல்லோருடைய புள்ளிகளும் ஒரே பட்டியலில் ஏறவேண்டும். எல்லோரும் எழுதக்கூடிய கோப்பாக வைத்தால், மதிப்பெண் பதிவேட்டை வகுப்பில் திறந்து வைத்துவிட்டு ஆசிரியர் வெளியே போனது போலாகும். ஆகையால் ஆடுபவருக்கு எழுதும் உரிமை இல்லை; விளையாட்டு நிரலுக்கு மட்டும், அது ஓடும் நேரத்தில், 'கேம்ஸ்' என்னும் குழுவின் உரிமை கிடைக்கும்படி செய்கிறார்கள். அழகான ஏற்பாடு. ஆயின் நிரலில் ஓட்டை இருந்தால், குறும்பர் அந்த உரிமையைத் தமக்கு இரவல் வாங்கிக்கொள்வர். 2020 ஜனவரியில் வந்த நெட்ஹேக் 3.6.5 பதிப்பு இத்தகைய பல ஓட்டைகளை அடைத்தது. கொடுத்த இடத்தைவிட நீளமான சொல் வந்தால் அது பக்கத்து நினைவிடத்தில் வழிந்துவிடும் என்பதே அவற்றின் தன்மை.

வழிதல் என்றதும் என் தவற்றைச் சொல்லவேண்டியவனாகிறேன். என் விளையாட்டில் ஆடுபவர் பெயருக்கு 16 எழுத்து இடமே இருந்தது. நம் பக்கத்துப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் அது போதுமா? ஓர் இளைஞர், தம் பெயரின் வால் அறுபடுகிறது என்று எழுதினார். நான் ஓர் ஒட்டு இட்டு அதை 32 ஆக்கினேன். கட்டிப் பார்த்தேன், ஆடிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அனுப்பினேன், சேர்த்தார்கள்.

நான்கு நாள் கழித்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் வேறொரு கண்டத்தில் இரவுப் பணி செய்பவர். ஒரே ஆட்டத்தை எட்டு மாதமாகச் சேமித்துச் சேமித்து ஆடி, இருபத்திரண்டாம் நிலவறை வரை இறங்கியிருந்தார். பொதியைப் புதுப்பித்துவிட்டு ஆட்டத்தைத் திறந்தார். நிரல் சுருண்டு விழுந்தது. சேமித்த கோப்பும் போய்விட்டது.

நடந்ததைக் கேளுங்கள். இவ்விளையாட்டு தன் நினைவில் உள்ளதை அப்படியே, எந்தத் தலைப்பும் இன்றி, கோப்பில் கொட்டி வைக்கும். பெயருக்கு 16 இடம் கூடியதும் அதற்குப் பின் வந்த அனைத்தும் தள்ளிப்போயின. மதிப்பெண் தாளில் நடுவே ஒரு பத்தியைச் செருகிவிட்டால், தமிழின் மதிப்பெண்ணை ஆங்கிலமென்றும், ஆங்கிலத்ததைக் கணக்கென்றும் படிப்போம் அல்லவா? அதுபோல அரக்கனின் உயிரை ஆடுபவரின் பொன்னாகப் படித்து நிரல் மடிந்தது. மேலும் இக்குலத்தில் ஒரு வழக்கம்: இறந்தவர் பழைய நகலைத் திறந்து பிழைத்துவிடக் கூடாதென்று, சேமித்த ஆட்டத்தைத் திறந்தவுடன் அதன் கோப்பை அழித்துவிடுவார்கள். நேர்மைக்காக வைத்த விதி, என் கவனக்குறைவோடு கூடி அவருடைய எட்டு மாதத்தை அழித்தது. அவரிடம் வேறு நகல் இல்லை.

நான் சோதித்தது புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கி. பழைய ஆட்டத்தைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இச்செய்தி புதியதன்று என்பதுதான் வேதனை. 2003-இல் வந்த நெட்ஹேக் 3.4.3-இன் சேமிப்புகளை, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2015-இல் வந்த 3.6.0 படிக்காது என்பதை நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே பதிப்பைச் சோதித்துவிட்டு மறுக்கும். இங்கே சோதனையே இல்லை.

ஒட்டை உடனே விலக்கிவிடலாமே என்பீர்கள். அந்த நான்கு நாளில் புதிய பொதியில் ஆட்டம் தொடங்கியவர்களும் இருந்திருக்கலாம். விலக்கினால் அவர்களுடைய சேமிப்பு இதே கதியை அடையும். நான்கு நாள் ஆட்டமா, பல மாத ஆட்டமா? ஓர் இரவு முழுதும் இதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். இறுதியில் பெயரின் நீளத்தை 16-க்கே திருப்பினேன். ஆயின் அதனோடு வேறோர் ஒட்டும் சேர்த்தேன்: கோப்பை முழுதும் படித்து, உள்ளே இருக்கும் எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே அதை அழிக்கவேண்டும்; பொருந்தாவிட்டால் கோப்பைத் தொடாமல் வெளியேறவேண்டும். நான்கு நாள் ஆட்டக்காரர்களின் ஆட்டம் திறக்காது; ஆனால் அவர்கள் கோப்பு பிழைத்திருக்கும். பொதியின் திருத்த எண்ணை ஒன்று கூட்டினேன். விளையாட்டின் பதிப்பு மாறாமல் பொதி மட்டும் மாறினால் இவ்வெண்ணைக் கூட்டவேண்டும். மறந்தால் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று பயனரின் கணினிக்குத் தெரியாது. பிறகு மன்னிப்புக் கேட்டு மடல் எழுதினேன். நடந்ததை மழுப்பாமல் எழுதினேன். அவர் மறுமொழி சுருக்கமாக இருந்தது. டிராகனின் கையில் சாவேன் என்று எண்ணியிருந்ததாகவும், பொதியின் கையில் சாவேன் என்று எண்ணவில்லை என்றும் எழுதியிருந்தார். சில வாரம் கழித்து அவரே மற்றொரு பிழையை எனக்குத் தெரிவித்தார். மீண்டும் ஆடத் தொடங்கிவிட்டார் என்று அதனால் அறிந்து மகிழ்ந்தேன்.

ஒட்டை விளையாட்டின் ஆசிரியருக்கும் அனுப்பினேன். அவர் அதை ஏற்று, அடுத்த வெளியீட்டில் சேமிப்புக் கோப்பின் தலையில் பதிப்பு எண்ணையும் எழுதச் செய்தார். நீண்ட பெயர் கேட்ட இளைஞருக்கும் அப்போதுதான் இடம் கிடைத்தது.

அந்த இளைஞர் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். சென்ற மாதம் முதல் என்னோடு சேர்ந்து இப்பொதியைப் பார்த்துவருகிறார். ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் பேக்கேஜ்-சோர்ஸில் உறுதியான கிளை ஒன்று பிரியும். அதற்கு முன் சில நாள் புதியன புகுத்துவதை நிறுத்திவிட்டுப் பிழைகளை மட்டும் திருத்துவார்கள். அந்தக் கெடுவுக்குள், புதிய மொழிமாற்றி குறைசொல்லும் வரிகளைச் சரிசெய்துவிடவேண்டும் என்று இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். பழைய ஆட்டங்கள் ஐந்தைச் சேமித்து ஓர் அடைவில் வைத்திருக்கிறேன். எதை மாற்றினாலும் அவ்வைந்தையும் திறந்து பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கெடு முடிந்ததும் மேக்ஃபைலில் என் முகவரி இருக்கும் வரியில் அவருடைய முகவரியை எழுதி அனுப்ப எண்ணியிருக்கிறேன். இருப்புப் பட்டியலை இருவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டோம். 43 கோப்புகள், கணக்குச் சரியாக இருக்கிறது.