உயரம் மட்டுமா?

ஆண்பிள்ளைகள் பருவமடையும் வரிசையை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் டானர், சக ஆய்வாளர் மார்ஷலுடன் சேர்ந்து 1970-இல் எழுதினார். மீசை பிறகுதான், விரை பெரிதாவதே முதல் அடையாளம். மருத்துவர்கள் அதைக் கயிற்றில் கோத்த முட்டைவடிவ மணிகளோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். 4 மில்லிலிட்டர் மணியை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது.

விரையின் லெய்டிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டுவது பிட்யூட்டரியின் எல்.எச். ஹார்மோன். அதே சுரப்பி தரும் வளர்ச்சி ஹார்மோன், உயரத்தோடு நிற்காமல், ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோன் வழியாக, அந்தச் செல்கள் முதிரவும் எல்.எச்.சுக்கு நன்றாக இணங்கவும் துணைநிற்கிறது. அதனால்தான் வளர்ச்சி ஹார்மோன் குறைந்த பையன்களுக்குப் பருவமும் பெரும்பாலும் பிந்துகிறது. பாவம், அந்தப் பிள்ளைகள் படும் கேலி கொஞ்சமல்ல. 14 வயதாகியும் அடையாளம் எதுவும் தெரியாவிட்டால், தயங்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.