மூச்சுக்கு இடம் விடும் களரி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவது அபூர்வம். பத்மநாபபுரத்தில் நாயர் படையினர் வழிபட்ட பிள்ளையார் அவர். தலைநகர் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையோடு அவரும் வந்துவிட்டார். இன்றும் அந்தக் கோயிலை ராணுவம்தான் பராமரிக்கிறது. அங்கே நேர்த்திக்கடன் என்றால் முதலில் தேங்காய் உடைப்பதுதான்.

அடுத்த முறை போனால் அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒருவர் பல்லைக் கடித்து, தம் கட்டி, முகம் சிவக்க எறிவார். இன்னொருவர் காயைத் தூக்கும்போது மூச்சை இழுத்து, எறியும்போது 'ஹ்' என்று விட்டுவிடுவார். காய் இருவருக்கும் உடையும். பத்துக் காய் முடிந்ததும் முதல் ஆள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாமவர் பதினோராவது காயைக் கையில் எடுத்திருப்பார். இன்று நான் பேச வந்தது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

இதைக் கற்றுக்கொடுக்கிற இடமும் கிழக்கேகோட்டையிலேயே இருக்கிறது, பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில். 1956இல் கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கிய சி.வி.என். களரி. அவருடைய தந்தை சி.வி. நாராயணன் நாயரும், தந்தையின் ஆசான் கோட்டக்கல் கணாரன் குருக்களும் இல்லையென்றால் கேரளத்தின் சண்டைக் கலையான களரிப்பயற்று இன்றைக்குப் பாட்டிகள் சொல்லும் கதையாக மட்டும் மிஞ்சியிருக்கும்.

களரி என்பது குழியாகத் தோண்டிய பயிற்சிக் களம். மரபான அளவு நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தொரு அடி அகலம். கிழக்கே வாசல், தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. வலது காலை வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பயிற்சி. உடம்பில் எண்ணெய், இடுப்பில் இறுகக் கட்டிய கச்சை. குருக்கள் வாய்த்தாரி என்ற வாய்மொழிக் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வரிசையாக முன்னே போய்த் திரும்பி வருவார்கள்.

நான் அங்கே போனபோது கேட்ட வாய்த்தாரிகளில் கால் உண்டு, கை உண்டு, அமர்வதும் திரும்புவதும் உண்டு. மூச்சு என்ற சொல் வரவே இல்லை. 'இப்போது இழு, இப்போது விடு' என்று யாரும் எண்ணவில்லை. முதலில் எனக்கு இது குறையாகத்தான் பட்டது. பிறகு நேர்க்கால் என்ற பயிற்சியைக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சேர்த்துப் பிடித்து, முழங்கால் மடங்காமல் ஒரு காலைக் கை வரைக்கும் வீச வேண்டும். வீசிய கால் இறங்கியதும் அடுத்த கால். கை மேலேயே இருக்கிறது, வாய் மூடியிருக்கிறது.

நீங்கள் இருக்கிற இடத்திலேயே கையை அப்படித் தூக்கி மூச்சு விட்டுப் பாருங்கள். தோள் ஏற்கெனவே மேலே போய்விட்டதால், இனித் தோளைத் தூக்கி மூச்சு வாங்க வழியில்லை. காற்று கீழே இறங்குகிறது, வயிறு முன்னே வருகிறது. சொல்லால் விளக்க வேண்டியதை உடம்பின் நிலையாலேயே விளங்க வைத்துவிட்டார்கள். களரியின் பெருமை எது என்று கேட்டால், வாளையும் உறுமி என்ற சுருள்வாளையும் விட இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மூச்சு வயிறு வரை இறங்குவதில் என்ன லாபம்? ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் குழாயிலுமே நின்றுவிடும். ரத்தத்தோடு சேராது. இப்படி நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு விட்டால் ஆறு லிட்டர் காற்று. அதில் 4.2 லிட்டர் நுரையீரலின் அறைகளுக்குப் போய்ச் சேரும். அதே ஆறு லிட்டரை 250 மில்லியாக இருபத்து நாலு தடவை மேலோட்டமாக இழுத்தால் போய்ச் சேர்வது 2.4 லிட்டர்தான். மூச்சின் எண்ணிக்கை இரட்டிப்பு, வரவு ஏறக்குறைய பாதி. மாடி ஏறும்போது நாய்போல மூச்சிரைக்கிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

வாயை மூடுவதற்கும் காரணம் உண்டு. மூக்கு வழியாகப் போகிற காற்று சூடாகி, ஈரமாகி, தூசி வடிந்து போகிறது. குளிர்ந்த வறண்ட காற்றில் ஓடினால் இழுப்பு வருகிற ஆஸ்துமாக்காரர்களுக்கு இது பெரிய காரியம். அதோடு மூக்கு நமக்கு ஓர் அளவுகோல். வாயை மூடியபடி செய்ய முடிகிற வரை, வேகம் உங்கள் கைக்குள் இருக்கிறது. முழு ஓட்டத்தில் வாய் திறந்துதான் தீரும், அது தப்பில்லை. பழகத் தொடங்குகிற முதல் மாதங்களில் அந்த எல்லைக்குப் போக வேண்டியதில்லை.

பிலிப் ஸாரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் 1976இல் இந்தக் களரிக்கு வந்து கோவிந்தன்குட்டி நாயரிடம் சேர்ந்தார். 1988இல் தேர்ந்த ஆசான் என்பதற்கு அடையாளமான பீடத்தைக் குருவின் கையால் பெற்றார். வெளிநாட்டு நடிகர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தபோது மூச்சில்தான் தொடங்கினார். சண்டைக்காக உண்டான வித்தை, மேடையில் அசையாமல் நிற்கிற நடிகனுக்கும் உதவியது.

பாரம் தூக்குகிறவர்களிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜிம்மில் நானும் சேர்ந்தேன். எத்தனை கிலோ, எத்தனை தடவை என்பதைச் சொன்னார்கள். மூச்சைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தம் கட்டித் தூக்கியதில் ஒருநாள் கண் இருட்டி, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சியில் ஊறிய சிலருக்கு ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து, பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு காலாலும் பாரத்தைத் தள்ளும்போது ஒருவருக்கு ரத்த அழுத்தம் 480க்கு 350 வரை ஏறியது. நமக்குச் சாதாரணமாக 120க்கு 80. தசை இறுகி ரத்தக் குழாயை நெருக்குவது ஒரு காரணம், தம் கட்டுவது இன்னொன்று. முதல் காரணத்தை நாம் தவிர்க்க முடியாது, இரண்டாவது நம் கையில் இருக்கிறது. இறக்கும்போது இழுங்கள், தூக்கும்போது விடுங்கள். தண்ணீர்க் குடமோ கேஸ் சிலிண்டரோ, எதைத் தூக்கினாலும் இப்படித்தான். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனசில் வையுங்கள்.

நான் நேர்க்கால் பார்த்த அன்று களரியில் ஒரு பையன், பத்து வயசு இருக்கும், நேர்க்காலை முடித்து மூலையில் வந்து நின்றான். எண்ணெயும் வேர்வையுமாக உடம்பு மின்னியது. மற்ற பிள்ளைகளின் தோள்கள் ஏறி இறங்கின. இவன் தோள் அசையவில்லை. வாய் மூடியிருந்தது. கச்சைக்கு மேலே வயிறு மட்டும் மெதுவாக முன்னே வந்து பின்னே போனது. குருக்கள் அடுத்த வாய்த்தாரியைத் தொடங்கினார். அவன் முதல் ஆளாக நடுக்களரிக்குப் போனான்.