ஒரு வாரப் புயலும் மண்காப்பும்



அட்லாண்டிக் மகா சமுத்திரத்தில் ஜூன் முதல் நவம்பர் முடியப் புயல் காலமாகும். அக்காலம் முடியுந் தறுவாயில், 1998-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில், மத்திய அமெரிக்காவில் நேர்ந்ததைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது மிகவும் பிரயோஜனமானது.

‘மிட்ச்’ என்று பெயரிடப்பட்ட புயல் 22-ந் தேதி கரீபியன் கடலில் உருவெடுத்து, 26-ந் தேதி மணிக்கு 180 மைல் வேகமுள்ள காற்றுடன் உக்கிரமடைந்தது. 29-ந் தேதி ஹோண்டுராஸ் நாட்டுக் கரையை அடைந்தபோது காற்று வெகுவாய்த் தணிந்துவிட்டது. ஆனால், அப்புயல் விரைந்து கடந்து செல்லாமல் மெல்ல நகர்ந்து, மலைச்சரிவுகளின்மேல் மழையைக் கொட்டிற்று. சோலுட்டேகா நகரத்தில் 35 அங்குலத்திற்கு மேல் பெய்தது. 30-ந் தேதி, பக்கத்து நாடாகிய நிகராகுவாவில் காசிட்டா என்னும் எரிமலையின் சரிவு இடிந்து, சேறும் கல்லுமாய்ப் பெருகி, இரண்டு கிராமங்களை மூடிவிட்டது. புயலினால் மாண்டவர்கள் 9,000-க்கு மேற்பட்டவர்கள். காற்றைவிட நீரே பெருநாசம் விளைவித்தது.

நீர் வடிந்தபின் ஒரு விசேஷம் புலப்பட்டது. சிலர் முன்னமே கல்வரப்புக் கட்டி, சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, பூனைக்காலி போன்ற கொடிகளால் தரையை மூடி, மரமும் வளர்த்திருந்தார்கள். அவர்கள் நிலங்களும், அவ்விதம் செய்யாத அண்டை நிலங்களும் 1999-ம் வருஷத்தில் ஒப்பிடப்பட்டன. குடியானவர்களும் நிபுணர்களும் கூடியே அளந்தார்கள். திருத்திய நிலங்களில் மேல்மண் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை அதிகமாயிருந்தது. ஈரம் மிகுந்தும், அரிப்புக் குறைந்தும் காணப்பட்டன. மேல்மண் ஒருமுறை போய்விட்டால், அது மீண்டும் சேர ஒரு மனிதன் ஆயுள் போதாது.

ஆயினும், வரப்புக் கட்டியவர்கள் எல்லோரும் தப்பினார்களில்லை. மிகச் செங்குத்தான சரிவுகளில் இப்பயன் குறைந்தது. மேட்டு நிலம் மொட்டையாய்க் கிடந்த இடங்களில், அங்கிருந்து பாய்ந்த வெள்ளமும் மண்ணும் கீழே பாடுபட்டுத் திருத்திய நிலத்தையும் அழித்தன.

ஆகையால், தன் வரப்பைத் தான் கட்டுவது அவசியம், அதுமட்டும் போதாது. மேட்டு நிலக்காரனும் பள்ள நிலக்காரனும் ஒரே நீருக்குப் பங்காளிகள். குன்றின் உச்சி முதல் ஓடைக் கரை வரை நிலமுள்ளவர் யாவரும் கூடி, கல்லையும் ஆளையும் செலவையும் பங்கிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக வேலையை நடத்தவேண்டும். கூட்டுறவுச் சங்கம் கடன் வாங்குவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. இத்தகைய வேலைக்கும் அதுவே தக்க சாதனம். மழைக்கு முன் கூடாத கிராமத்தார், மழைக்குப் பின் கூடி அழுவதில் பயனில்லை.