வேட்பாளரை மாற்றுவது யார்?



மக்களிடம் செல்வாக்கு இழந்த வேட்பாளரைத் தேர்தலுக்கு முன் கட்சி மாற்ற வேண்டுமா? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. மாற்ற வேண்டும் என்பதே என் பதில். ஐந்து ஆண்டுகள் தொகுதிப் பக்கமே வராதவரை மறுபடியும் நிறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை. ஆனால் அவர் யாரிடம் செல்வாக்கு இழந்தார், அதை முடிவு செய்தது யார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். தேர்தல்களில் வேட்பாளர் தேர்வு பற்றி ஆய்வு செய்துவருகிறேன். அதிலிருந்து சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

2024 மக்களவைத் தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் இரண்டு தொகுதிகளைப் பாருங்கள். ஃபைசாபாத்தில், அதாவது அயோத்தி அடங்கிய தொகுதியில், இரண்டு முறை வென்றிருந்த லல்லு சிங்கையே பாஜக மீண்டும் நிறுத்தியது. அது பொதுத்தொகுதி. அங்கே பாசி சமூகத்தைச் சேர்ந்த தலித் தலைவர் அவதேஷ் பிரசாத்தை சமாஜ்வாதி கட்சி நிறுத்தியது. அவர் 54,567 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். பொதுத்தொகுதி கேட்கும் தலித்துகளிடம் 'வெற்றி வாய்ப்பு இல்லை' என்று எத்தனை கட்சிகள் சொல்லியிருக்கின்றன! அந்த வாதத்துக்கு ராமர் கோயில் திறக்கப்பட்ட ஊரே பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது மீரட். இதுவும் பொதுத்தொகுதிதான். மூன்று முறை வென்ற ராஜேந்திர அகர்வாலை மாற்றிவிட்டு, தொலைக்காட்சியில் ராமராக நடித்த அருண் கோவிலை பாஜக நிறுத்தியது. சமாஜ்வாதி கட்சியோ முதலில் வழக்கறிஞர் ஒருவரை அறிவித்தது. பிறகு அதுல் பிரதானை அறிவித்தது. மனுத் தாக்கல் முடியும் நேரத்தில் அவரையும் மாற்றி, முன்னாள் மேயரும் தலித் பெண்ணுமான சுனிதா வர்மாவை நிறுத்தியது. அவர் 10,585 வாக்குகளில் தோற்றார். அவரை நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் இன்னும் ஒரு மாதம் முன்னால் அறிவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கட்சி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கட்சியின் குழப்பத்தைக் கடைசி நேரத்தில் ஒரு தலித் பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டு, தோல்வியை மட்டும் அவர் கணக்கில் எழுதக் கூடாது.

ஆளை மாற்றுவது நல்ல தேர்தல் உத்தி என்பதில் சந்தேகமில்லை. 2017 டெல்லி மாநகராட்சித் தேர்தலில் பாஜக தன் கவுன்சிலர்கள் ஒருவருக்கும் மீண்டும் வாய்ப்புத் தரவில்லை. மூன்று மாநகராட்சிகளிலும் வென்றது. 2024இல் டெல்லியின் ஏழு எம்.பி.க்களில் ஆறு பேரை மாற்றியது. ஏழு தொகுதிகளிலும் வென்றது. இதில் யாருக்கு லாபம்? கட்சியின் மீதிருந்த கோபம் சில தனிமனிதர்கள் மீது திருப்பிவிடப்பட்டது. கட்சியிடம் எந்தக் கணக்கும் கேட்கப்படவில்லை.

1985இல் கொண்டுவரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். அதனால் ஒரு மசோதாவுக்கு எப்படி வாக்களிப்பது என்பதைத் தலைமை முடிவு செய்கிறது. ஊரில் கெட்ட பெயர் உறுப்பினருக்கு வருகிறது. அந்தக் கெட்ட பெயரைக் காரணம் காட்டி அவரை நீக்குவதும் அதே தலைமைதான்.

தனித்தொகுதிகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. பெரும்பாலான தனித்தொகுதிகளில் தலித் வாக்காளர்கள் சிறுபான்மையினர். அங்கே 'செல்வாக்கு இல்லை' என்றால், தலித் அல்லாத பெரும்பான்மைக்குப் பிடிக்கவில்லை என்று பொருளாகிவிடுகிறது. வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்ற உறுப்பினருக்கு 'எல்லோருக்கும் பொதுவானவர் இல்லை' என்ற பெயர் வரும். வாய் திறக்காதவருக்கு 'அனுசரித்துப் போகிறவர்' என்ற பாராட்டு கிடைக்கும். அடுத்த தேர்தலில் யாரை மாற்றுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் இந்த ஆபத்தை அன்றே அறிந்திருந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் மாகாண சட்டமன்றங்களுக்கு 148 தனி இடங்கள் ஒதுக்கப்பட்டதை எல்லோரும் பேசுகிறோம். அதே ஒப்பந்தத்தில் முதல்நிலைத் தேர்தல் என்று ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு தனி இடத்துக்கும் முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். இதில் பெரிய குறை இருந்தது. முதல் கட்டத்தில் நான்காவதாக வந்தவர்கூட இரண்டாம் கட்டத்தில் வென்றுவிட முடியும். ஆனாலும் யார் வேட்பாளர் என்பதில் எங்கள் மக்களுக்கு ஒரு சொல் இருந்தது. அந்த ஏற்பாட்டுக்குப் பத்து ஆண்டுகள்தான் ஆயுள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் தனித்தொகுதி இருந்தது, முதல்நிலைத் தேர்தல் இல்லை.

இன்று அந்த இடத்தில் இருப்பது படிவம் பி. மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் கட்சித் தலைமை கையெழுத்திட்ட அந்தத் தாள் யாருக்கு வருகிறதோ அவரே வேட்பாளர். வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் எந்தக் கட்சியையும் கட்டுப்படுத்தவில்லை.

ஆகவே நான் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, வேட்பாளரை மாற்றலாமா என்பதைத் தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும். அதுவும் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே நடக்கட்டும்.

இரண்டு, மாற்றுவதற்கான காரணத்தைக் கட்சி எழுத்தில் வெளியிட வேண்டும். குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும், வெற்றி வாய்ப்பை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒருவரை நிறுத்தக் காரணம் கேட்க முடியுமென்றால், நீக்கவும் காரணம் கேட்க முடியும்.

மூன்று, தனித்தொகுதிகளில் அந்தக் கட்சியின் தலித் உறுப்பினர்கள் முதலில் வாக்களித்து ஒரு பட்டியலைத் தரட்டும். தலைமை அந்தப் பட்டியலுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை, கட்சியின் விதிகளைத் திருத்தினாலே போதும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பலர் ஏதோ ஒரு கட்சியில் உறுப்பினர்கள். தேர்தல் வந்தால் சுவர் எழுதுகிறீர்கள், வாக்குச்சாவடியில் முகவராக உட்காருகிறீர்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொடுங்கள். நிராகரித்தால், யார் நிராகரித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். சமூக நீதி பேசும் கட்சிகளிடம் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டுதான் நாம் அடுத்துப் பேச வேண்டும்.