தாயைப் பிரிந்த குட்டிகள்

பட்டு நெய்யும் ஆரணியில் கூட்டுப்புழுவை விடுத்துப் பன்றிக்குட்டியைப் பேசுவது வியப்பாகலாம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை அணுவிரதத்திற்குக் கூறும் அதிசாரங்கள் ஐந்து. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவுநீர் மறுத்தல் என அவை யாவும் வளர்ப்போனின் வழுக்களே. கொலை அப்பட்டியலில் இல்லை.

பெரும்பண்ணைகளில் மூன்று, நான்கு வாரங்களிலேயே தாயைப் பிரியும் குட்டிகள், குடல் முதிராமையால் கழிச்சலுறுகின்றன. அயல்குட்டிகளோடு நெருக்கி அடைபட்டு, ஒன்றன் வாலை ஒன்று கடிக்கின்றன. அதற்குப் பண்ணையாளர் செய்வது வாலை நறுக்குதல்! நோயோ நெருக்கத்தில் இருக்கிறது. போதிய இடமும் கிளறுவதற்கு வைக்கோலும் அக்கடியைத் தணிக்கும். வெதுவெதுப்பும் தூய நீரும் உடன்பிறந்தவற்றின் துணையும் பிரிவின் துன்பத்தைக் குறைக்கும். கழிச்சலுக்கு இட்டுவந்த துத்தநாக ஆக்சைடு மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் விலக்கியது.

புலால் மறுத்த இல்லங்களுக்கு இதில் பங்கில்லை எனலாம். பால் கறக்கும் தொழுவத்தில் கன்று எத்துணை நேரம் கட்டுண்டு நிற்கிறது?