இரு திரையும் ஒரு கார்டும்

தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நாம், ஊரிலிருந்து கொணர்ந்த பெட்டிகளில் பழைய புகைப்படங்களையும் போற்றி வைத்திருக்கிறோம். அவை மங்கிப் போவதற்குள் கணினியில் ஏற்றிச் செப்பனிட விரும்பி, துவாரகாவில் எங்கள் இல்லத்தில் லினக்ஸ் கணினி ஒன்றை அமைத்தோம். ஒரு திரையில் படம், மற்றொன்றில் கருவிகள்.

இதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு எது? நேரு பிளேஸ் கடைகளுக்குப் புறப்படுமுன் சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட் வீதம் இரு திரைகளுக்கும் சுமார் 66 மெகாபைட் போதும். ஆகவே, இரண்டு திரை என்பதற்காகவே பெரிய கார்டு வாங்க வேண்டியதில்லை. பிராசசரிலேயே அமைந்த கிராபிக்ஸ்கூடப் பல கணினிகளில் இப்பணியைச் செய்துவிடும்.

அடுத்து, மென்பொருள். 1995இல் அமெரிக்க மாணவர் இருவர் தொடங்கிய ஜிம்ப், பெரும்பாலும் பிராசசரையும் ராமையுமே நம்பியது. பணத்தை ராமில் இடுவது நன்று. டார்க்டேபிளோ ஓப்பன்சிஎல் வழியே கார்டின் ஆற்றலைப் பயன்படுத்தும். அதற்கு மட்டும் கூடுதல் நினைவகமுள்ள கார்டு தகும். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே உண்டு. எனினும் ஓப்பன்சிஎல் ஆதரவைத் தனியே விசாரித்துக்கொள்ளல் வேண்டும். என்விடியாவின் சொந்த டிரைவரைப் பெரும்பாலும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

துளைகளையும் நோக்குக. பழைய ஹெச்டிஎம்ஐ 1.4இல் 4கே படம் நொடிக்கு 30 முறையே புதுப்பிக்கப்படும். சுட்டியின் அம்பு தடுமாறும். ஹெச்டிஎம்ஐ 2.0, டிஸ்பிளேபோர்ட் 1.2 ஆகியவை 60 முறை தரும்.

இத்தனையும் கற்றது ஒரு பிழையால்தான். விலையுயர்ந்த கார்டு வாங்கியும், அம்மாவின் கல்யாணப் புடவை ஒரு திரையில் அரக்காகவும் மற்றதில் செங்கல் நிறமாகவும் தோன்றிற்று. கார்டை நொந்தோம். குற்றம் கார்டினுடையதன்று, திரைகளை அளவிடாத எங்களுடையது. கலரிமீட்டர் ஒன்றை இரவல் பெற்று, ஆர்கில் சிஎம்எஸ் என்னும் இலவச மென்பொருளால் ஒவ்வொரு திரைக்கும் வண்ண விவரம் தயாரித்த பின்னரே இரண்டும் ஒத்தன. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டோம். அரக்குதான் என்றார் அம்மா.

ஆதலின் நேயர்களே, முதலில் திரைகளை அளவிடுங்கள், பிறகு ராம், அதன் பின்னரே கார்டு.